பத்தடி வரை தூக்கிக்கொள்ளலாம்

பென்டகனைத் தரையிலிருந்து தூக்க வேண்டுமென்றால் எந்த அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்? 1967ஆம் ஆண்டு வாஷிங்டனில் இதற்குப் பதில் இருந்தது. அரசாங்கக் கட்டடங்களைப் பராமரிக்கிற பொதுச் சேவை நிர்வாகம் என்றொரு துறை. மனுதாரர்கள் ஆபி ஹாஃப்மன், ஜெர்ரி ரூபின் வகையறா. தலைமுடியைப் பார்த்தாலே போலீஸ்காரர் லத்தியைத் தடவிப் பார்க்கும் ரகம்.

கோரிக்கை ஒன்றும் சிக்கலானதல்ல. வியட்நாமில் இருக்கும் படைகளை ஊருக்குக் கூப்பிடுங்கள் என்பதுதான். அதை நிறைவேற்றச் சொன்ன வழிதான் கொஞ்சம் புதுசு. ஆயிரத்துச் சொச்சம் பேர் கைகோத்துக் கட்டடத்தை வளைத்து நிற்பார்கள். மந்திரம் ஓதுவார்கள். கட்டடம் 300 அடி மேலே எழும்பி, ஆரஞ்சு நிறமாகி, கிடுகிடுவென்று ஆடும். உள்ளே குடியிருக்கும் பேய்களெல்லாம் உதிர்ந்து விழுந்ததும் போர் நின்றுவிடும்.

ஹாஃப்மன் பின்னாளில் சொன்ன கதைப்படி, அதிகாரிகள் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். 300 அடி ரொம்ப அதிகம். பத்தடி வேண்டுமானால் தூக்கிக்கொள்ளுங்கள். ஆனால் கட்டடத்தைச் சுற்றி வளைக்கக் கூடாது.

கதையில் ஹாஃப்மனின் கைமசாலா எவ்வளவோ, இருக்கட்டும். அந்த அதிகாரிமேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தூக்கவே முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் அது இயற்பியல். பத்தடிக்கு மேல் கூடாது என்று சொன்னதால் அது நிர்வாகம். வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்க ஜனங்கள் செய்த கூத்துகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த நாடகத்தில் அசல் சிரிப்பு நடிகர் அரசாங்கம்தான் என்று தோன்றுகிறது. ஜனங்கள் ஒரு வேடிக்கையை எடுத்துக் கொடுப்பார்கள். அரசாங்கம் அதை முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் வாங்கி, கோப்பு போட்டு, முத்திரை குத்தித் திருப்பித் தரும்.

அந்த வருஷக் கடைசியில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் ஏறக்குறைய 4,85,000 பேர். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று தளபதிகள் மாதாமாதம் கணக்குக் காட்டினார்கள். ஜெயிப்பதற்கு இன்னும் ஆள் வேண்டும் என்றும் மாதாமாதம் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குத் தலை சுற்றியது. படிக்காதவர்களுக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது.

அக்டோபர் 21 அன்று லிங்கன் நினைவிடத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். அதில் பல்லாயிரம் பேர் பாலத்தைத் தாண்டிப் பென்டகனுக்கு நடந்தார்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு லாரிமேல் ஏறி நின்று, ஃபக்ஸ் இசைக்குழுவின் எட் சாண்டர்ஸ் பேயோட்டினார். உடுக்கையும் வேப்பிலையும்தான் பாக்கி. ‘பேய்களே, வெளியே போங்கள்’ என்று கூட்டம் கத்தியது. உள்ளேயிருந்து யாரும் வெளியே வரவில்லை. துப்பாக்கியும் கையுமாக ராணுவ போலீஸ் மட்டும் வாசலில் நின்றது. அந்தத் துப்பாக்கிக் குழல்களில் ஓர் இளைஞர் ஒவ்வொன்றாகப் பூச்செருகினார். அதைப் படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எந்தத் தளபதி எவ்வளவு மெடல் குத்திக்கொண்டு போஸ் கொடுத்தாலும் எடுபடவில்லை. எழுத்தாளர் நார்மன் மெய்லர் தடையைத் தாண்டிப் போய் கைதானார். பிறகு தன்னையே ‘மெய்லர்’ என்று படர்க்கையில் அழைத்துக்கொண்டு அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிப் புலிட்சர் பரிசும் வாங்கிவிட்டார். ஒரு ராத்திரி லாக்கப்புக்கு இத்தனை லாபம் பார்த்தவர் சரித்திரத்தில் குறைவு.

கட்டடம் எழும்பவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பத்தடி அனுமதி வீணாய்ப் போயிற்று.

உள்ளேயிருந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா. மகா கணக்குப் புலி. ஃபோர்டு கார் கம்பெனியின் தலைவர் பதவியிலிருந்து போர் நடத்த வந்தவர். பல வருஷம் கழித்து அவர் சொன்னதன் சாரம் என்ன தெரியுமா? இவர்களுக்குப் போராடத் தெரியவில்லை. காந்தி மாதிரி கட்டுப்பாட்டோடு செய்திருந்தால் நினைத்ததைச் சாதித்திருக்கலாம். சத்தியாக்கிரகம் எப்படிச் செய்ய வேண்டும் என்று வியட்நாமில் குண்டு போட்டவர் வகுப்பெடுத்தார். அந்த ஊர்வலத்தின்போதே அவருக்குப் போரில் நம்பிக்கை போய்விட்டிருந்தது என்பதும் பிற்பாடு தெரியவந்த சங்கதி.

1968 பிப்ரவரி 29 அன்று அவர் பதவியை விட்டுப் போனார். வழியனுப்ப ஜனாதிபதி ஜான்சனே பென்டகனுக்கு வந்தார். இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. பத்து நிமிஷத்துக்கு மேல், உலகத்தின் மிகப் பெரிய ராணுவத்தை ஆட்டிவைத்த இருவரும் ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்தால் மழை. ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. பேயோட்டியது பலிக்கவில்லை என்று யார் சொன்னது?

இவ்வளவு பைத்தியக்காரத்தனம் எதற்கு, பொறுப்பானவர்கள் உட்கார்ந்து பேசக் கூடாதா என்று அப்போது பெரியவர்கள் கேட்டார்கள். பொறுப்பானவர்கள் பாரிஸில் உட்காரத்தான் முயன்றுகொண்டிருந்தார்கள். மேஜை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில் தகராறு. நீள் மேஜையா, வட்ட மேஜையா, யார் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் எத்தனை தரப்பு. வாரக்கணக்கில் இழுத்து, 1969 ஜனவரியில் ஒரு வட்ட மேஜையும் பக்கத்தில் இரண்டு சின்ன நீள் மேஜைகளும் என்று முடிவானது. அந்த வாரங்களிலும் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இதற்கு முன்னால் கட்டடத்தை மந்திரத்தால் தூக்குவது எவ்வளவோ நாகரிகமான யோசனை.

ஹாஃப்மன், ரூபின் கும்பல் 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஒரு பன்றியை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. பெயர் பிகாசஸ். வேட்பாளருக்கு ரகசியப் பாதுகாப்புப் படை வேண்டும், வெள்ளை மாளிகை விளக்கக் கூட்டங்களுக்கு அழைப்பு வேண்டும் என்றெல்லாம் கோரிக்கை. போலீஸ் என்ன செய்தது? ஏழு மனிதர்களையும் வேட்பாளரையும் கைது செய்தது. பன்றியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதோடு அதன் அரசியல் வாழ்க்கை முடிந்தது. அன்றைக்குப் போலீஸ் பேசாமல் இருந்திருந்தால் அது அரைக்கால் பத்திச் செய்தி. கைது செய்ததால் இன்றைக்கு நான் எழுதுகிறேன். ஆனால் அந்த வாரமே சிகாகோ தெருக்களில் போர் எதிர்ப்பாளர்களைப் போலீஸ் அடித்த அடியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்கு வழக்கு யார்மேல் போட்டார்கள் என்றால், அடி வாங்கிய தரப்பின்மேல். நீதிபதியின் பெயரும் ஹாஃப்மன். ஆபி ஹாஃப்மன் விடுவாரா? நீதிமன்றத்திலேயே அவரைத் தன் தகப்பனாராக்கிக் கேலி பேசினார். ஒருநாள் நீதிபதி அங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அங்கியைக் கழற்றச் சொன்னால் உள்ளே சிகாகோ போலீஸ் சட்டை.

ஹாஃப்மன், ரூபின் இருவருக்கும் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எப்போதும் தெரியும். அதனால் அவர்கள்மேல் எனக்குப் பாதி பிரியம்தான். மீதியை வைத்திருப்பது வேறு ஆட்களுக்கு. ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் கைவைத்தவர்களுக்கு.

இணையம் இல்லாத காலம். யாரை வியட்நாமுக்கு அனுப்புவது என்கிற விவரமெல்லாம் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன அலுவலகங்களில், இரும்பு அலமாரிகளில், காகிதமாக இருந்தது. காகிதம் போனால் ஆள் பிழைத்தான். இதை முதலில் புரிந்துகொண்டவர் மினசோட்டாவில் ஓர் இளைஞர். நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தவர். ஒரு பிள்ளையையும் ராணுவத்துக்குத் தர மாட்டேன் என்பது தகப்பனாரின் கொள்கை. 1966இல் பிள்ளை அலுவலகத்துக்குப் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த வாளிகளைக் கோப்பு இழுப்பறைகளில் கவிழ்த்தார். வாளியில் இருந்தது குடும்பத்தார் அனைவரின் பங்களிப்பு. காலைக்கடன் தேசத் தொண்டான ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். இளைஞரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தக் கோப்புகளைச் சுத்தம் செய்த குமாஸ்தாவை யாரும் பேட்டி எடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தவர்கள் பாதிரியார்கள். 1968 மே 17 அன்று மேரிலாந்தில் கேட்டன்ஸ்வில் என்ற ஊரில், டேனியல் பெரிகன், ஃபிலிப் பெரிகன் என்ற அண்ணன் தம்பிகளும் இன்னும் ஏழு பேரும் அலுவலகத்துக்குள் போய் 378 கோப்புகளை அள்ளி வந்து வாசலில் கொளுத்தினார்கள். எதைக்கொண்டு? வீட்டிலேயே காய்ச்சிய நேபாம். பெட்ரோலும் சோப்புத் தூளும். பக்குவம் ராணுவக் கையேட்டிலேயே இருந்தது. வியட்நாமில் குழந்தைகள்மேல் ஊற்றினால் அது போர்த் தந்திரம், மேரிலாந்தில் காகிதத்தின்மேல் ஊற்றினால் அது குற்றம். கொளுத்திவிட்டு ஓடவில்லை. சுற்றி நின்று ஜெபம் செய்துகொண்டு போலீஸுக்காகக் காத்திருந்தார்கள்.

சிறைக்கு வரச் சொன்ன தேதியில், 1970 ஏப்ரலில், டேனியல் பெரிகன் வரவில்லை. தலைமறைவு. ஆனால் மனிதர் தலைமறைவான லட்சணத்தைப் பாருங்கள். சில நாளிலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஆயிரக்கணக்கானோர் கூடிய ஒரு விழாவில், மேடையேறிப் பேசினார். அரங்கம் முழுக்க எஃப்.பி.ஐ. ஆட்கள். பேசி முடித்தார். அன்று மேடையில் பிரெட் அண்ட் பப்பெட் நாடகக் குழுவின் ராட்சதப் பொம்மைகள் இருந்தன. இயேசுவின் கடைசி விருந்தில் உட்காரும் சீடர்கள். விளக்கணைந்தது. ஒரு சீடருக்குள் பாதிரியார் புகுந்துகொண்டார். பொம்மைகள் வரிசையாக நடந்து வெளியேறி வண்டியில் ஏறின. பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் நிஜப் பாதிரியார் என்பதை எஃப்.பி.ஐ. கவனிக்கவில்லை.

அதன்பின் நாலு மாசம் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரின் ஆட்கள் நாடெங்கும் தேடினார்கள். பாதிரியார் பேட்டி கொடுத்தார், கட்டுரை எழுதினார், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தார். கடைசியில் ஆகஸ்டில், பிளாக் தீவில் ஒரு நண்பர் வீட்டில் பிடித்தார்கள். எப்படி? பறவை பார்க்க வந்தவர்கள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு. கழுத்தில் தொலைநோக்கியோடு, புதர் புதராக, இல்லாத பறவையைத் தேடிக்கொண்டு. பொம்மைக்குள் ஒளிந்த பாதிரியாரைப் பிடிக்கப் பறவைப் பிரியர் வேஷம். யார் நாடகக்காரர்கள் என்று இனிமேல் நீங்களே தீர்மானியுங்கள்.

இந்தக் கத்தோலிக்கக் கூட்டத்தின் சகவாசத்தில் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டவர்கள் பலர். டெலவேரில் ஓர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் பூட்டு மட்டும் திறக்க வரவில்லை. என்ன செய்தார்கள்? ‘இன்று இரவு இந்தக் கதவைப் பூட்ட வேண்டாம்’ என்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இரவு வந்து பார்த்தால் கதவு திறந்திருந்தது. எழுத்தில் வந்த உத்தரவை எந்த அலுவலகமும் மீறாது என்பதை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட திருடர்கள் வேறெங்கும் பிறக்கவில்லை.

வில்லியம் டேவிடன் என்ற இயற்பியல் பேராசிரியர் இதைக் கேட்டு ஊக்கம் பெற்றார் போலும். ஆள்சேர்ப்பு அலுவலகம் எதற்கு, எஃப்.பி.ஐ. அலுவலகத்தையே உடைத்தால் என்ன என்றார். அவரையும் சேர்த்து எட்டுப் பேர். மீடியா என்ற சின்ன ஊரின் கிளை. நாள், 1971 மார்ச் 8. அன்றிரவு முகமது அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் குத்துச்சண்டை. ஊரே வானொலிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது கணக்கு. இருந்த கோப்புகளையெல்லாம் பெட்டிகளில் அள்ளினார்கள். பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். போர் எதிர்ப்பாளர்களை அடிக்கடி விசாரித்து, ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் எஃப்.பி.ஐ. ஆள் நிற்கிறார் என்ற கிலியை உண்டாக்க வேண்டும் என்று அதில் ஒரு குறிப்பே இருந்தது. நிற்க வேண்டிய இடத்தில், அதாவது சொந்த அலுவலக வாசலில், ஒருவரும் நிற்கவில்லை. 200 பேரைப் போட்டு ஐந்து வருஷம் தேடியும் ஒருவரும் அகப்படாமல் வழக்கை மூடினார்கள். 2014இல் அவர்களில் பெரும்பாலோர் தாமாகவே வெளியே வந்து, நாங்கள்தான் என்றார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

ராணுவமும் சும்மா இல்லை. பணக்காரப் பிள்ளை கல்லூரியில் ஒளிகிறான், ஏழைப் பிள்ளை போருக்குப் போகிறான் என்ற புகாரைத் தீர்க்க, 1969 டிசம்பர் 1 அன்று, யாரை முதலில் அழைப்பது என்பதற்குப் பிறந்தநாள் குலுக்கல் நடத்தினார்கள். வருஷத்தின் 366 தேதிகளையும் குப்பிகளில் அடைத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, தொலைக்காட்சியில் எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. பிறகு புள்ளியியல்காரர்கள் உட்கார்ந்து பார்த்தால், வருஷக் கடைசியில் பிறந்தவர்களின் எண்ணெல்லாம் முன்னாலேயே வந்திருந்தது. காரணம், ஜாடியைச் சரியாகக் குலுக்கவில்லை. அரை கோடி டன்னுக்குமேல் குண்டு போடத் தெரிந்த நாடு.

இனி, ஜான்சனுக்குப் பிறகு ஜனாதிபதியான நிக்சன். அவருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்பார்கள். அபாண்டம். 1969 அக்டோபர் 15 அன்று நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் வேலையை நிறுத்திவிட்டுப் போர் எதிர்ப்பு நாள் அனுசரித்தார்கள். இதெல்லாம் என்னை எள்ளளவும் பாதிக்காது என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டார் நிக்சன். நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் மட்டும் ஐந்து லட்சம் பேர் போல. வெள்ளை மாளிகையைச் சுற்றிப் பஸ்களை நெருக்கமாக நிறுத்திக் கோட்டை கட்டினார்கள். உள்ளே ஜனாதிபதி கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்ததாக அறிவிப்பு வந்தது. ஆனால் அவருடைய உதவியாளர் ஹால்டமன் நாட்குறிப்பு எழுதுகிறவர் என்பதை அவர் மறந்துவிட்டார். மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போகிறார்களே, ஹெலிகாப்டரை மேலே பறக்கவிட்டு மெழுகுவர்த்திகளை அணைத்தால் என்ன என்று ஜனாதிபதி யோசனை சொன்னார் என்று அதில் இருக்கிறது. எள்ளளவும் பாதிக்கப்படாத மனிதர்!

உண்மையில் அந்த இலையுதிர் காலத்தில் வட வியட்நாமுக்குக் கெடு வைத்துப் பெரிய தாக்குதல் தொடங்க ஒரு திட்டம் மேஜைமேல் இருந்தது. ‘டக் ஹுக்’ என்று பெயர். அது கைவிடப்பட்டது. ஊர்வலங்களுக்குப் பிறகு அந்தக் கெடுவுக்கு மரியாதை இல்லாமல் போனதை நிக்சனே தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். தெருவில் நின்றவர்களுக்கு இது தெரியாது. மழையில் நனைந்துகொண்டு, நம்மால் ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டுக்குப் போனார்கள். அதற்கிடையில் ‘மௌனப் பெரும்பான்மை’ தன் பக்கம் என்று பேசிவிட்டு, குவிந்த பாராட்டுத் தந்திகளை மேஜையில் பரப்பிப் படம் எடுத்துக்கொண்டார் நிக்சன். தந்திகள் வருவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்தது நான்தான் என்று வெள்ளை மாளிகை ஊழியர் பட்டர்ஃபீல்டு பின்னாளில் சாட்சி சொன்னார். மௌனமாக இருந்தவர்களைத் தந்தியடிக்க வைப்பதற்கு ஆள் தேவைப்பட்டது.

1970 மே மாதம் கம்போடியாவுக்குள் படை போனது. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நாலு மாணவர்கள் செத்தார்கள். தலைநகருக்கு மாணவர்கள் திரண்டு வந்தார்கள். மே 9, விடியற்காலை நாலரை மணி சுமாருக்கு, நிக்சனுக்குத் தூக்கம் வரவில்லை. வேலைக்காரர் மனோலோ சான்செஸை எழுப்பி, லிங்கன் நினைவிடத்தை ராத்திரியில் பார்த்திருக்கிறாயா, வா போகலாம் என்றார். பாதுகாப்புப் படைக்கு மாரடைப்பு வராத குறை. படிகளில் தூங்கி வழிந்துகொண்டிருந்த மாணவர்கள் கண்ணைக் கசக்கிப் பார்த்தால், எதிரே ஜனாதிபதி. போரைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். ஆனால் சிராக்யூஸ் மாணவர்களிடம் அவர்கள் கல்லூரியின் கால்பந்து அணியைப் பற்றியும், கலிஃபோர்னியாக்காரரிடம் அலைச்சறுக்கைப் பற்றியும் பேசியதுதான் ஊரெங்கும் பரவியது. அங்கிருந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போய், மனோலோவைச் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்த்திவைத்து உரையாற்றச் சொன்னார். அப்புறம் மேஃபிளவர் ஓட்டலில் காலை உணவு. அந்த நாற்காலியிலிருந்து அந்த மாதத்தில் பேசப்பட்டவற்றில் மனோலோவின் பேச்சுதான் யாருக்கும் கெடுதல் செய்யாதது என்பது என் அபிப்பிராயம்.

இதுவரை போராடியவர்களையெல்லாம் தேசத்துரோகிகள் என்று திட்டலாம், திட்டினார்கள். 1971 ஏப்ரலில் வந்தவர்களைத் திட்ட முடியவில்லை. அவர்கள் வியட்நாமில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவர்கள். சிலர் சக்கர நாற்காலியில் வந்தார்கள். ராணுவம் தன் தாக்குதல்களுக்கு வைக்கும் பெயர் மாதிரியே தங்கள் போராட்டத்துக்கும் பெயர் வைத்து, நாடாளுமன்றம் என்ற நாட்டுக்குள் நடத்தும் வரையறுக்கப்பட்ட ஊடுருவல் என்று விளக்கமும் கொடுத்தார்கள். வாஷிங்டன் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். அரசாங்கம் உச்ச நீதிமன்றம் வரை ஓடித் தடை வாங்கியது. தீர்ப்பின் சாரம்: புல்வெளியில் இருக்கலாம், தூங்கக் கூடாது.

கண்ணை மூடினால் சட்டவிரோதம். முன்னாள் சிப்பாய்கள் கூட்டம் போட்டு, தூங்குவதா விழித்திருப்பதா என்று வாக்கெடுத்தார்கள். தூக்கத்துக்கு 480, விழிப்புக்கு 400. தூங்கினார்கள். கால் இழந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றும் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்ட யாருக்கும் தைரியமில்லை. போலீஸ் வரவில்லை. தடை கேட்டு வாங்கிவிட்டு அமல்படுத்தாமல் விட்ட அரசாங்கத்தை நீதிபதி வறுத்தெடுத்தார். அந்தச் சிப்பாய்களில் சுமார் 50 பேர் பென்டகனுக்குப் போய், நாங்கள் போர்க் குற்றவாளிகள், எங்களைக் கைது செய்யுங்கள் என்று சரணடைந்தார்கள். சேர்த்துக்கொள்ளவில்லை. பன்றியைக் கைது செய்தவர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஏப்ரல் 23 அன்று 800க்கு மேற்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து, நாடாளுமன்றத்துக்கு முன்னால் போட்டிருந்த வேலிக்கு அப்பால் தங்கள் மெடல்களை வீசினார்கள். இங்கே என்னிடம் நகைச்சுவை எதுவும் இல்லை. 58,000 அமெரிக்கர்களும் எண்ணி மாளாத வியட்நாமியர்களும் செத்த போர் அது.

பத்து நாள் கழித்து மே 3. அரசாங்கம் போரை நிறுத்தாவிட்டால் நாங்கள் அரசாங்கத்தை நிறுத்துவோம் என்று இளைஞர்கள் வாஷிங்டன் பாலங்களையும் சாலைகளையும் மறிக்க வந்தார்கள். எந்தப் பாலம், எந்தச் சந்திப்பு என்று வரைபடத்தோடு முன்கூட்டியே கையேடு அச்சடித்து விநியோகித்திருந்தார்கள். அதைப் படித்து முடித்திருந்த போலீஸ், தெருவில் அகப்பட்டவர்களையெல்லாம் அள்ளியது. வேலைக்குப் போனவர், வேடிக்கை பார்த்தவர், யாரையும் விடவில்லை. ஒரே நாளில் 7,000 பேருக்கு மேல். சிறையில் இடமில்லாமல் கால்பந்து பயிற்சி மைதானத்தில் அடைத்தார்கள். பெயர் எழுத, குற்றம் எழுத, யார் யாரைப் பிடித்தார் என்று எழுத நேரமில்லை. வேலிக்கு வெளியேயிருந்து அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் சாப்பாடு வீசிக் கொடுத்தார்கள். பத்தடிக்கு அளவு போட்டு அனுமதி கொடுத்த ஊரில், முதல்முறையாகக் காகிதம் எழுதாமல் ஒரு காரியம் செய்துவிட்டார்கள். அதுவே வினையாயிற்று. காகிதம் இல்லாததால் பெரும்பாலான வழக்குகள் நிற்கவில்லை.

மே 5 அன்று நாடாளுமன்றப் படிகளில் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்ததற்காகப் பிடிக்கப்பட்ட 1,200 பேர் சும்மா விடவில்லை. எதிர்வழக்குப் போட்டார்கள். கடைசி அமெரிக்கப் போர்ப்படை 1973 மார்ச் 29 அன்று வியட்நாமைவிட்டுக் கிளம்பியது. வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. 1975 ஜனவரியில், அவர்களைப் பிடித்தது தவறு என்று சொல்லி ஜூரிகள் 1 கோடியே 20 லட்சம் டாலர் நஷ்டஈடு தரச் சொன்னார்கள். போருக்கு எதிராக உட்கார்ந்ததற்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கணக்கு. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து தொகையைக் குறைத்துக்கொண்டது.